மூடி திறக்காத தேன் சீசா

குசுமாவுக்கு அடுத்தவர் வாயைப் பார்க்கிற வியாதி. ஊரே அப்படித்தான் சொல்லிற்று. யார் பேசினாலும் பேச்சை விட்டுவிட்டு, நாக்கு எங்கே முட்டுகிறது, உதடு எப்போது குவிகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர் துரைக்கண்ணு ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "இன்னாம்மா, எப்பப் பாரு என் வாயையே பாத்துக்கினு கீற? ஆனையா பூந்து போவுது? டிக்கட்டை வாங்கிக்கினு குந்து!" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. அவளோ, 'குந்து' என்றபோது அவர் நாக்கு மேல்பல்லைத் தொட்டதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணை என்ன செய்வது, சொல்லுங்கள்!

செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண் அவள். நிலத்தில் மல்லாட்டைக் கடலையும் கேப்பையும் போடுகிற சமணக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வீட்டில் இருந்தவளிடம், 1963இல் அண்ணன் நேமிராஜ் ஒரு பத்திரிகை விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். பேச்சுப் பயிற்சி உதவியாளருக்கு ஒன்பது மாதச் சான்றிதழ்ப் படிப்பு. ஆறு மாதம் சென்னையில் பாடம், மூன்று மாதம் விழுப்புரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கைப்பழக்கம்.

"பேசறதுக்குக்கூட ஒரு படிப்பா?" அம்மா சாந்திமதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அதை உனக்கு வேற ஒருத்தர் கத்துக் குடுக்கணுமா?"

அப்பா ஜினபாலன் சிரிக்கவில்லை. "ஒம்போது மாசம் பொறுக்கறேன். சான்றிதழ் வந்தா வேலைக்குப் போ. வரலன்னா தை மாசம் கல்யாணம். அப்புறம் அழுதுக்கினு நிக்கக் கூடாது" என்றார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்ட மனிதர்.

சென்னையில் அவளுக்குச் சொர்க்கம்தான். தொண்டையின் களிமண் உருவத்தைப் பிரித்துப் பிரித்துக் கோத்தாள். மெழுகுவத்திச் சுடருக்கு முன்னால் பேசிப் பார்த்தாள். 'ப' சொன்னால் சுடர் ஆடுகிறது, 'ம' சொன்னால் ஆடவில்லை. ஏன்? அந்த ஏனுக்குப் பதில் தெரியும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு திண்டிவனத்தில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே அவளிடம் ஒப்படைக்கப்பட்டவள் பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து வந்த ஐந்து வயது அம்சா. பிறந்ததிலிருந்தே நாக்கு அடியில் ஒட்டியிருந்தது. டாக்டர்கள் அந்த ஒட்டை அறுத்துவிட்டார்கள். விடுபட்ட நாக்குக்கு மேலே எழும்பத்தான் தெரியவில்லை. பாலைப் 'பா' என்பாள், பல்லையும் 'பா' என்பாள்.

பயிற்சிப் புத்தகத்தில் வழி இருந்தது. மேலுதட்டில் ஒரு பொட்டுத் தேன் தடவு, குழந்தை நக்க நக்க நாக்கு உயரும். ஆஸ்பத்திரியே ஒரு சீசாத் தேன் கொடுத்தது, மூடியில் மெழுகு முத்திரையோடு. குசுமாவுக்கு உடம்பு கூசிற்று. தேன் எடுக்கையில் எத்தனை உயிர் சாகும்! அவள் வீட்டில் அதைத் தின்பது என்ன, தொட்டதுகூட இல்லை. சொன்னால் படிப்பைவிட்டு நீக்கிவிடுவார்களோ என்று பயம். அம்சாவின் அம்மா வீரம்மாளிடம் மட்டும் சொன்னாள். கரும்பு ஆட்டுகிற குடும்பம். மறுநாளே ஒரு கிண்ணம் கரும்புப்பாகு வந்தது. நாற்பத்திரண்டு நாள் பாகைத் தடவினாள். நாற்பத்திரண்டு நாளும் பதிவேட்டில் 'தேன் தடவினேன்' என்று எழுதினாள்.

கொல்லாமை விரதத்தைக் காப்பாற்றப் போய்ப் பொய்யாமையைக் கோட்டை விட்டோமே என்பது அப்போது அவளுக்கு உறைக்கவேயில்லை.

பரீட்சைக்குச் சென்னையிலிருந்து டாக்டர் சீனுவாசன் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். மேஜைமேல் இருந்த சீசாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு நாள் தேன் தடவியிருக்கே. மெழுகே உடையலையேம்மா?"

குசுமா பாகுக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நாந்தாங்க டாக்டரு பாகு கொண்டாந்து குடுத்தேன்" என்று அம்சாவோடு நின்றிருந்த வீரம்மாள் முன்னால் வந்தாள். "அவங்க ஜாதியில தேனைத் தொட மாட்டாங்க. ஒரு நாள் தவறாம பழக்கனாங்க, சாமி சத்தியமா!"

"பாகா, தேனாங்கறது எனக்குப் பெரிசு இல்ல" என்றார் டாக்டர். "நாளைக்கு இன்னொருத்தி இந்த நோட்டை நம்பித்தான் வைத்தியம் பண்ணுவா. இதுல ஒண்ணு பொய்னா எதை நான் நம்பறது? பழக்கினதே பொய்யா இருக்கலாமே? சரி, இப்போ என் கண்ணு முன்னாடி தேனைத் தடவிச் செஞ்சு காட்டு. தேர்ச்சி போடறேன்."

சீசா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு பொட்டு. தை மாசத்துக்கு இன்னும் ரெண்டே மாசம். குசுமா சீசாவைத் தள்ளி வைத்தாள்.

"ஒண்ணுமே தடவாமக் காட்டறேன் சார்."

அம்சாவுக்கு எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்தாள். தன் நாக்கை மெல்ல உயர்த்தினாள். குழந்தை அவள் வாயைப் பார்த்தது, அவள் ஊரார் வாயைப் பார்த்த அதே பார்வை. சின்ன நாக்கு எழும்பிற்று, நழுவிற்று, மறுபடி எழும்பி மேலே ஒட்டிக்கொண்டது. "பால்" என்றது அம்சா. அப்புறம் விரலால் தன் பல்லைத் தட்டிக்காட்டி, "பல்!" என்றது. வீரம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள்.

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றிக் குசுமாவிடம் நீட்டினார். "நாப்பத்திரண்டு பக்கமும் அடிச்சுத் திருத்து. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்துப் போடு. அப்புறம் நான் போடறேன்."

தேனை அடித்துப் பாகு என்று எழுதி முடிப்பதற்குள் பொழுது இறங்கிவிட்டது. டாக்டர் அடியில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொழுது போனபின் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. வீரம்மாள் நீட்டிய சோற்று மூட்டையைக் கும்பிட்டு மறுத்தாள். எழுதின பொய்க்கு இந்தப் பட்டினி தகும் என்று அவளுக்கே பட்டது. வெட்கமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும்போலவும் இருந்தது.

திண்டிவனம் பஸ்ஸில் துரைக்கண்ணு, "விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்!" என்று கூவிக்கொண்டே வந்து நின்றார். "இன்னிக்கும் என் வாயா?"

"பாக்கறதுக்கு சர்டிபிகேட்டே குடுத்துட்டாங்கண்ணே" என்றாள் குசுமா. "நல்லாத் திறந்து சொல்லுங்க."