சிலோன் எடுக்காத பெட்டி

அந்தப் பெட்டியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானே என் கையால் செய்த பெட்டி. திட்டுவதற்கு வேறு ஆள் கிடையாது என்பதால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

அறுபதுகளின் நடுவில், கல்யாணமான நாலாவது மாதம், திருச்செந்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து என் மனைவியைத் தாராவிக்கு அழைத்து வந்தேன். எனக்குச் சயானில் ஒரு பட்டறையில் வேலை. மின்விசிறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்ற வேண்டும். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். எங்கள் வரிசையில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்தன. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பகலில் மிஞ்சுகிறவர்கள் இந்தியும் மராத்தியும் பேசுகிறவர்கள். இவளுக்கு இரண்டிலும் ஒரு சொல் தெரியாது. வந்த இரண்டாவது வாரம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பகல் பூரா எங்கூடப் பேச ஒரு ஆளு இல்ல. ஊர்லன்னா ரேடியோல சிலோனாவது பாடிக்கிட்டு கெடக்கும்."

"ஒரு மாசம் பொறு. சிலோன இங்கயே கொண்டாந்து வைக்கேன்" என்றேன்.

கடையில் விற்கிற டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. ஆனால் லேமிங்டன் ரோடில் ரேடியோவின் பாகங்களையெல்லாம் ஒரு காகிதப் பையில் போட்டு, எதை எதோடு சேர்ப்பது என்கிற படத்தோடு விற்பதாகப் பட்டறையில் சொன்னார்கள். நாமே பற்றவைத்துக்கொண்டால் விலை பாதிக்கும் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ரோடில் லோக்கல் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கி அந்தக் கடையைக் கண்டுபிடித்துப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏக் பேண்ட், யா தோ பேண்ட்?" என்று கேட்டார்.

ஒரு பேண்ட் என்றால் மீடியம் வேவ் மட்டும். இரண்டு என்றால் ஷார்ட் வேவும் சேர்ந்து வரும், விலையும் சேர்ந்து ஏறும். எங்கள் ஊருக்கு நேர் எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. எங்கள் டீக்கடை ஓட்டைப் பெட்டியில்கூட மீடியம் வேவில் சிலோன் காதைப் பிளக்கும். சிலோன் கேட்க இரண்டாவது பேண்ட் எதற்கு? ஊருக்குப் புதுசு என்று நினைத்து என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. "ஏக் பேண்ட், பஸ்", ஒன்று போதும் என்று விறைப்பாகச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் அறையில் கரண்ட் கிடையாது. பற்றவைக்கும் கம்பியைப் பம்ப் ஸ்டவ்வில் காய்ச்சித்தான் ஈயத்தை உருக்க வேண்டும். டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது என்பதால், பற்றவைக்கும்போது அதன் காலைக் குறடால் பிடித்துக்கொள்ள வேண்டும்; சூடு குறடுக்குப் போய்விடும். அந்தக் குறடைப் பிடிக்கிற வேலை மனைவிக்கு. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடிப்பாள். மூன்றாவது ஞாயிறு செல் போட்டுத் திருகியதும் பெட்டி கரகரத்தது. பிறகு ஒரு பெண் குரல் மராத்தியில் தெளிவாகப் பேசியது.

"ஏ, பேசுதே!" என்று கையைத் தட்டினாள்.

"இது பம்பாய். நீ இரு, சிலோன் வரும்" என்று முள்ளை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை திருப்பினேன். பம்பாய் வந்தது. இன்னொரு இடத்தில் பம்பாயே இன்னொரு முறை வந்தது. மற்ற இடமெல்லாம் விசிலும் இரைச்சலும்தான்.

பக்கத்து அறையில் ஓர் அண்ணாச்சி இருந்தார். உடன்குடிக்காரர், மாஹிமில் பலசரக்குக் கடை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னவே, சிலோன் எடுக்கலயா? நம்மூர்ல தகர டப்பாவ ஆட்டுனாலே சிலோன் பாடும்வே" என்றார். வரிசையிலிருந்த தமிழர்கள் எல்லாரும் எங்கள் ஜில்லாக்காரர்கள். பம்பாயில் சிலோன் மீடியம் வேவில் வருமா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான் வரவில்லை. எல்லாரும் சேர்ந்து, கோளாறு என் கையில்தான் என்று தீர்த்துவிட்டார்கள். "காயில் சுத்துதவன் சுத்துன காயில்லயே தப்பா?" என்று அண்ணாச்சி கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

அதற்கப்புறம் எனக்குப் பிடித்தது பைத்தியம். உள்ளே ஒரு கருப்புக் குச்சியில் காயில் சுற்றியிருக்கும். அதைப் பிரித்துச் சுற்றினேன். இரண்டு சுற்று கூட்டினேன், நாலு சுற்று குறைத்தேன். கூரையில் செம்புக் கம்பி கட்டினேன். பெட்டியைத் தெற்குப் பார்க்க வைத்து, கதவு நிலையில் வைத்து, டிரங்குப் பெட்டிமேல் ஏற்றி எல்லாம் பார்த்தாயிற்று. ஞாயிறு பிரித்தால் வேலை முடிந்து வந்து சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டி, புதன்கிழமைவரை பெட்டி குடல் சரிந்து கிடக்கும். மாதக்கணக்கில் இதே கூத்து.

"இன்னைக்கு மூடிருவீயளா?" என்று காலையில் கேட்பாள்.

"சிலோன் என்ன மரத்துலயா காய்க்கி? அவசரப்படுத்தாத" என்று எரிந்து விழுவேன். அவள் டிபன் டப்பாவை எடுத்து வைப்பாள்.

கடைசியில் ஒரு ஞாயிறு அண்ணாச்சி வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டி அப்போது நன்றாகத்தான் பம்பாய் எடுத்துக்கொண்டிருந்தது. "இவரு சிலோன்தான் பாருங்க, மராத்தி பேசுதது" என்று அவர் சொல்ல, வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மண்டைக்குள் சூடு ஏறியது. அவர்கள் கண்முன்னாலேயே பெட்டியைத் திறந்தேன். முதல் டிரான்சிஸ்டரைக் கழற்றி மறுபடி பற்றவைத்தால் சரியாகும் என்று ஒரு வீம்பு. ஸ்டவ்வை மூட்டிக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சினேன்.

"இருங்க, குறட நான் பிடிக்கேன்" என்று மனைவி ஓடி வந்தாள்.

நாலு பேர் பார்க்கும்போது பெண்டாட்டி வந்து பிடித்துவிட வேண்டுமா? "நீ சும்மா கெட" என்று அதட்டிவிட்டுக் குறடில்லாமலே கம்பியை வைத்தேன். மூடித் திருகினேன். பம்பாய் இல்லை, விசில் இல்லை, இரைச்சல்கூட இல்லை. அண்ணாச்சி, "சரி, விடும்வே" என்று சொல்லி மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நழுவிவிட்டார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு லேமிங்டன் ரோடு போனேன். அதே கடைக்காரர் டிரான்சிஸ்டரைச் சோதித்துப் பார்த்து, "ஜல் கயா" என்றார். கருகிவிட்டது. ஆற்றாமையில் சிலோன் கதையையும் கொட்டினேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கல்லாவில் கை ஊன்றிச் சிரித்தார். உன் ஊர் சிலோன் பக்கத்தில் இருக்கிறது, அதனால் மீடியம் வேவ் வருகிறது, இங்கே ஷார்ட் வேவ் இருந்தால்தான் உண்டு, இந்தப் பெட்டியில் ஆயுள் முழுக்கக் காயில் சுற்றினாலும் வராது, அதனால்தான் அன்றைக்கே இரண்டு பேண்டா என்று கேட்டேன் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டித் தீர்த்தேன். கடைக்காரர் அன்றைக்கே விளக்கிச் சொல்லியிருக்கலாம் என்றேன். அண்ணாச்சி வாயால் வந்த வினை என்றேன். இந்தப் பெட்டியில் சிலோன் எந்தக் காலத்திலும் வராதாம் என்றேன். அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் சிலோன் கேட்டது வந்த புதுசுல" என்றாள். "பொறவு, மூடி வச்சிருக்க நாள்ல எல்லாம் மத்தியானம் அதுல ஒரு பொம்பள பேசுவா. சமையல் சொல்லுவா, பிள்ள வளக்கது சொல்லுவா. மொதல்ல ஒண்ணும் வெளங்கல. இப்ப பாதி வெளங்கிச்சு. நீங்க போன பொறவு எனக்குன்னு பேசுனது அவ ஒருத்திதான்."

முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவளையும் இல்லாம ஆக்கிட்டீயளே."

புது டிரான்சிஸ்டர் வாங்கச் சம்பளம் வர வேண்டும். அதற்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளும் காலையில் அவளை அந்த அறையில் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.