அடைத்து வைத்த காற்றுத் துவாரம்

பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் பளிங்குக் கணப்படுப்பு ஒன்று உண்டு. அதன் வாயைப் பலகையால் அடைத்து, முன்னால் ரடியத்தர் என்னும் மின்சார வெப்பமூட்டியை நிறுத்தியிருக்கிறார்கள். நெருப்பு எரியவேண்டிய இடத்தில் பதினொரு இரும்புத் தகடுகள். கீழ்வீட்டுக் கிழவி சிறுமியாக இருந்தபோது நிலவறையிலிருந்து எழுபத்திரண்டு படி ஏறி நிலக்கரி சுமந்தாளாம். நிலக்கரி நின்று எரியும், ஆனால் திரைச்சீலை கறுத்துப்போகும். விறகு சீக்கிரம் சுடும், சீக்கிரம் அடங்கும். மின்சாரத்துக்குப் புகையுமில்லை, சாம்பலுமில்லை என்பது அவள் கணக்கு.

யாழ்ப்பாணத்தில் குளிர்காய நாங்கள் எதையும் எரித்ததில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் சிரட்டைக் கரித் தணலில் சாம்பிராணி போட்டு, குளிப்பாட்டிய பிள்ளையைப் புகையில் காட்டுவோம். என் மகளுக்குத் தணல் பிடித்தவன் நான்தான். அங்கே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. புகை தன்பாட்டில் போய்விடும்.

சென்ற மாசியில், பேத்தியின் முப்பத்தோராம் நாள், அதையே இங்கே செய்தேன். லா சப்பல் தமிழ்க் கடையில் வாங்கிய கரி, ஒன்பது துண்டு. சாம்பிராணி முடிந்தும், அறை குளிர்கிறதே என்று தணற்சட்டியைத் தொட்டிலருகே விட்டுவைத்தேன். சன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தைக் கார்த்திகையிலேயே ஒட்டுநாடாவால் அடைத்தவனும் நான்தான்.

முக்கால் மணித்தியாலத்தில் மகள் சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

"அப்பா, தலை சுத்துது. இவள் பால் குடிக்கிறாளில்லை, கண் முழிக்கிறாளில்லை."

சன்னல்களைத் திறந்துவிட்டு அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். தீயணைப்புப் படையினர் மூவர் வந்தார்கள். ஒருவர் சட்டியைக் காட்டி, "பார்பெக்யூவா?" என்று கேட்டார். "இல்லை, குழந்தைக்கு" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. இருபத்தாறு வருடம் இரசாயனம் படிப்பித்தவன் நான். கரி எரிகையில் வரும் காபனோரொட்சைட்டு நச்சுவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை என்று கரும்பலகையில் எழுதிய கைதான் அந்த நாடாவை ஒட்டியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் ஒட்சிசனில் இருந்து பேத்தி மீண்டாள். மகள் ஏசவில்லை. "நான் இல்லாமல் அவளின்ரை அறைக்குள்ளை போகாதேங்கோ" என்றாள். "ஓம்" என்றேன்.

இதை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் துவாரத்தை அடைத்திருக்கிறீர்களோ, இன்றே திறந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் திறந்துதான் கிடக்கிறது. குளிர்காற்று பேத்தியின் அறை வாசல்வரை வருகிறது. அங்கேதான் கதிரை போட்டிருக்கிறேன். தொட்டில் போர்வை ஏறி இறங்குவதை எண்ணுகிறேன்: நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.

நேற்று மகள் கடந்துபோகையில் நின்றாள்.

"அப்பா, கதிரையின்ரை ரெண்டு கால் உள்ளை நிக்குது."

"மற்ற ரெண்டும் வெளியிலைதான், பிள்ளை."