மடங்க மறுத்த முழங்கால்

என் அண்ணி செனெய்தா சிறு வயதிலிருந்தே முயிஸ்னே தீவின் சேற்றில் முட்டிபோட்டு மட்டி பொறுக்கியவள். அலையாத்தி வேர்களுக்கு நடுவே தோள்வரை கையை விட்டுத் துழாவுவாள். அறுபதைத் தாண்டியதும் இரண்டு முழங்கால்களும் வில்லாய் வளைந்துவிட்டன. படகிலிருந்து அவளை என் அண்ணன்தான் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. எலும்போடு எலும்பு உரசுகிறது, செயற்கை மூட்டு வைப்பதுதான் வழி என்றார் மருத்துவர்.

அவளுக்குப் பயம். பக்கத்து வீட்டு தீக்னாவுக்கு இதே அறுவை சிகிச்சைக்குப் பின் சீழ் பிடித்து, வைத்த மூட்டைக் கழற்றி வேறு வைத்திருந்தார்கள்.

"மாத்திக்கோடி. அப்புறம் என்னை மாதிரி நீயும் முட்டி குடையறதை வச்சே மழை வருமா வராதான்னு ஊருக்குச் சொல்லலாம்" என்று தீக்னா வேலிக்கு அப்பாலிருந்து சிரிப்பாள். அண்ணி சிரிக்க மாட்டாள்.

கடைசியில் வலி தாங்காமல் வலது காலுக்கு மட்டும் ஒத்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகு கவலை இன்னும் கூடியது. காலையில் கண் விழித்ததும் புறங்கையை முட்டியில் வைத்துப் பார்ப்பாள்.

"தொட்டுப் பாரு, கொதிக்குதா?"

"சூடாத்தான் இருக்கு அண்ணி. கொஞ்ச மாசம் அப்படி இருக்கும்னு டாக்டர் சொன்னாரே."

"தீக்னாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

தையல் விட்டுவிடும் என்று பயந்து, மடக்கச் சொன்ன காலை அவள் மடக்கவே இல்லை. தேங்காய்ப்பால் மீன் குழம்பைக்கூடக் கட்டிலில் இருந்தே சாப்பிட்டாள்.

அடுத்த முறை போனபோது மருத்துவர் மடக்கிப் பார்த்தார். கால் பாதிகூட மடங்கவில்லை.

"சீழ் எதுவும் இல்லம்மா. உள்ள தழும்பு இறுகிடுச்சு. மயக்க மருந்து குடுத்து நான்தான் மடக்கணும்."

"எலும்பு உடைஞ்சுட்டா?"

"அபூர்வமா உடையும். ஆனா இப்படியே விட்டா நாற்காலியில உக்காரவே கஷ்டப்படுவீங்க."

மயக்க மருந்து கொடுத்து மடக்கும் நாளன்று தீக்னாவும் எங்களோடு வந்தாள். அண்ணியை உள்ளே கொண்டுபோனதும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான்.

"என் காலைப் பாத்துத்தான் அவ பயந்துட்டா. என் வாய் சும்மா இருந்திருக்கலாம்" என்றாள்.

எலும்பு உடையவில்லை. மறுநாளிலிருந்து தீக்னா தினமும் வந்து கட்டிலருகே நின்றாள். "மடக்குடி! கெட்டுப்போனது என் கால். உன்னுது நல்லாத்தான் இருக்கு. அழறதை அப்புறம் வச்சுக்கோ!" அண்ணி அவளைத் திட்டிக்கொண்டே மடக்கினாள்.

சில மாதங்களில் தடியில்லாமல் படகுத்துறைவரை நடந்தாள். வலி தூக்கத்தைக் கெடுப்பது நின்றது. தழும்பின் வெளிப்பக்கம் மட்டும் மரத்தே கிடந்தது. படி ஏறினால் முட்டிக்குள் 'டக்'கென்றது. ஒருநாள் மெத்தைமேல் முட்டிபோட்டுப் பார்த்து, உடனே எழுந்துவிட்டாள். சேற்றுக்குப் போவது அத்தோடு முடிந்தது. இப்போது மற்றவர்கள் கொண்டுவரும் மட்டியைத் துறையில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறாள்.

போன மாதம் இடது காலுக்குத் தேதி தருவதாக மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள்.

"அடுத்த வாரம் சொல்றேன்" என்று போனை வைத்தாள். இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள்.