கீழ்வீட்டு அம்மாவின் மொறுமொறு பன்

ஒன்றரை வருடத்தில் அந்த அம்மா எங்களுக்குக் கொடுத்த பன்கள் நானூறாவது இருக்கும். கடைசி டப்பா வரும்வரை அதில் ஒன்றைக்கூட நாங்கள் வாயில் வைக்கவில்லை. எல்லாம் குப்பைக்குப் போயின. போட்டது நான், கவரைப் பிரித்துப் பிடித்தது என் வீட்டுக்காரர்.

அப்போது அமெரிக்காவில் பிளசன்டன் என்கிற ஊரில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன். எனக்கு எச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. அந்த ஊரில் கார் இல்லாதவளுக்குக் கால் இல்லை என்றே அர்த்தம். காலையில் அவர் ஆபீஸ் கிளம்பினால் மாலை ஏழு மணி வரை என்னிடம் பேச இருந்த ஒரே ஆள் கீழ்வீட்டு பிலிப்பைன்ஸ் அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தார். லாண்டரி ரூமில் துணி மடித்துக்கொண்டே பழக்கமானோம். ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். எனக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது தன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு டாக்டரிடம் அழைத்துப் போனவர் அவர்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நடிப்பு மாதிரி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை நீல மூடி போட்ட டப்பாவோடு வந்தார். உள்ளே ஆறு பன். ஆவியில் வேகவைத்து, வெள்ளை வெளேரென்று, கொழுக்கட்டைக்குப் பெரியப்பா மாதிரி இருந்தன. சியோபாவ் என்று பெயர் சொன்னார். நாங்கள் ஈரோட்டுப் பக்கம், சைவம், முட்டைகூடக் கிடையாது. அதை முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். “நோ மீட், நோ எக்” என்று அவரே விரல் மடக்கிச் சொல்லித்தான் கொடுத்தார்.

“ஏனுங்க, கறி போடலைன்னுதான் சொல்றாங்க” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“அவங்களுக்குக் கோழியெல்லாம் மீட்லயே சேராது. மாவுலயே பன்னிக் கொழுப்பு போட்டுத்தான் பிசைவாங்கன்னு எங்க டீம்ல ஒருத்தன் சொன்னான். எதுக்கு ரிஸ்க்? த்ரோ பண்ணிரு.”

பதினாறு படி இறங்கி அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று பயம். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாசல் தேடி வந்து கொடுப்பதை மறுத்துப் பழக்கமில்லை எங்களுக்கு. சிரித்த முகமாய் வாங்கிக்கொள்வோம், பிறகு கண்மறைவாய் வீசுவோம். அதற்கு மரியாதை என்று பெயர் வேறு வைத்திருக்கிறோம்.

இன்னொரு மரியாதையும் உண்டு. வந்த டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். நான் வாரம் ஒருமுறை பொரிப்பேன். ஒரு வாரம் தட்டை, ஒரு வாரம் முறுக்கு, ஒரு வாரம் ரிப்பன் பக்கோடா. பன் வந்த டப்பாவைத் தேய்த்துக் கழுவி, இரண்டாம் தடவையும் கழுவி, அதில் நிரப்பிக் கொடுப்பேன். டப்பா நிறைந்து போக, அடுத்த சனிக்கிழமை டப்பா நிறைந்து வரும். ‘சாப்பிட்டோம், ரொம்ப நல்லா இருந்தது’ என்று எனக்கு நாக்கூசாமல் வந்தது.

ஒரு நாள் காலை குப்பைத் தொட்டி பக்கம் போனால், ராத்திரியில் குப்பையைக் கிளற வரும் ரக்கூன் பிராணி ஏதோ கவரைக் கிழித்திருந்தது. வெள்ளைப் பன்கள் பார்க்கிங் முழுக்கச் சிதறிக் கிடந்தன. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. வெறுங்கையால் பொறுக்கித் திரும்பவும் உள்ளே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை டப்பா வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் கதவு தட்டும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை வந்தார். இந்த முறை பன் வேறு மாதிரி இருந்தது. பொன்னிறமாக, மேல்தோல் தடித்து, அடிப்பக்கம் நன்றாகச் சிவந்திருந்தது. நகத்தால் ஒன்றைத் தட்டிக் காட்டி, “கிரிஸ்பி” என்றார். என் முகத்தையே பார்த்தார். நான் நன்றி சொன்னேன். அவையும் போயின. இரண்டு கவர் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

மறுவருடம் அவருக்கு இடுப்பு வலி அதிகமானது. ஹூஸ்டனில் இருந்த மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். மாதக் கடைசியில் கிளம்புவதாக இருந்தது. போவதற்கு முன் பன் செய்யச் சொல்லிக் கொடுத்தே தீருவேன் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

அடுப்புக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். உள்ளே ஒரு கிண்ணம், சப்பாத்திக் குழவி, கத்தி, தட்டு, ஓவன் டிரே. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி ‘நோ மீட்’ என்று பேனாவால் எழுதியிருந்தது. டேப் ஓரமெல்லாம் சுருண்டு, கழுவிக் கழுவி எழுத்து மங்கிப் போயிருந்தது. அன்றைக்கு ஒட்டியதல்ல.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட், மைதா, கடலை எண்ணெய். உள்ளே வைக்க உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காளான், கொஞ்சம் சோயா சாஸ், சர்க்கரை, மிளகு. மாவை வட்டமாகத் தேய்த்து, பூரணத்தை நடுவில் வைத்து, சுருக்கிச் சுருக்கி மேலே முறுக்கினார். முறுக்கிய பக்கம் டிரேயில் படும்படி கவிழ்த்தார். மேலே பால் தடவினார். “மத்தவங்களுக்கு முட்டை. உனக்குப் பால்” என்றார். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். என் ஞாபகத்தில் தமிழாகத்தான் இருக்கிறது.

பன்கள் ஓவனுக்குள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்.

“முன்னாடி கொடுத்ததெல்லாம் நீ தூக்கிப் போட்டே. எனக்குத் தெரியும். ஜன்னல்ல இருந்து பார்த்தேன்” என்றார்.

நான் மேஜையில் சிந்திக் கிடந்த மாவைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“தப்பு என்னுது. உன் டப்பாவுல வர்றதெல்லாம் கடிச்சா சத்தம் கேக்குது. அதைப் பார்த்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். மெத்துமெத்துன்னு கொடுத்தா உங்களுக்கு எப்படிப் பிடிக்கும்? அதுக்கப்புறம்தான் இப்படிச் சுட ஆரம்பிச்சேன். நாலு தடவை கருகிப் போச்சு.” சிரித்தார்.

டப்பாவில் பன்னிரண்டு வைத்துக் கொடுத்தார். மேலே போனேன். சோபாவிலிருந்து எழுந்த என் வீட்டுக்காரர் டப்பாவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சமையலறைக்குப் போய் பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றார். “கொடு” என்றார். நான் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். சத்தம் கேட்டது. நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு நான் அப்படி அழுதிருக்க மாட்டேன்.

ஆன்ட்டி கிளம்பும் நாளுக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மெத்தென்று இருந்ததால் இல்லை ஆன்ட்டி, நாங்கள் உங்களை நம்பவில்லை. மொறுமொறுப்பானதையும் தின்னவில்லை என்று. ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். டப்பாவை வெறுமனே கொடுக்க முடியாதே, நானே பன் சுட்டேன். இரண்டு தடவை மாவு பொங்கவில்லை. மூன்றாவது தடவை வந்தது.

கீழே மகள் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி வாசலில் நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். தலையை ஆட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நிஜத்தைச் சொல்லு. முதல்ல கொடுத்தது அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?”

சொல்லியிருக்கலாம். அதற்காகத்தான் இறங்கி வந்திருந்தேன்.

“ஆமா ஆன்ட்டி. கொஞ்சம் மாவு மாவா இருந்துச்சு” என்றேன்.

“நினைச்சேன்” என்றார். திருப்தியாக டப்பாவை மூடிக்கொண்டு வேனில் ஏறினார்.