கரண்டியக்காவின் சாட்சியம்

வீட்டுக்கு யார் வந்தாலும் காதுமடலுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கரண்டியக்கா நாற்காலியைக் காட்டுவார். அங்கே கரித்தூள் இருந்தால் நம்ம ஆள். இல்லாவிட்டால் கம்பெனி ஆள். நிலக்கரிச் சுரங்கத்தை மூடிப் பல வருஷமாச்சே, எல்லார் காதும் சுத்தமாகிவிட்டதே என்றால், "அதான் யாரையும் நம்ப முடியல" என்பார்.

சங்கச் செயலாளரும் இந்தப் பரிசோதனைக்குப் பிறகே உட்கார்ந்தார். பெரிய வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் ஆண்டுக்குப் பெண்களின் நினைவுகளைத் திரட்டிப் புத்தகம் போடுகிறார். திரட்டத் திரட்ட அவருக்குத் தலைசுற்றல். வேலைநிறுத்தத்தை முறிக்க வெளியாட்களை ஏற்றிவந்த லாரியைக் குறுக்கே நின்று மறித்ததாக இதுவரை நாற்பத்தொரு பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சாலையில் ஆறு பேர் நின்றால் ஏழாமவர் சாக்கடையில்தான் நிற்க வேண்டும்.

கரண்டியக்கா மட்டும் மறித்ததாகச் சொன்னதில்லை. அவருக்கு நடந்தது தெரியும்.

அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். மணமேடையில் வெட்கத்தில் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பிறகு பார்த்ததெல்லாம் கரிதான். குடியிருப்பில் முப்பது வீட்டுக்கு ஒரே குழாய். கணவர் கண்ணையும் வாயையும் மட்டும் துடைத்துக்கொண்டு சாப்பிட்டுப் படுப்பார். வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள், வேறு ஜோலி இல்லாததால், மனிதர் ஆற்றில் இரண்டு மணி நேரம் ஊறிக் குளித்தார். பளபளவென்று வந்து, சுரங்க வாசலில் அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்த வரிசையில் தட்டை நீட்டினார். பக்கத்தில் நின்ற கூட்டாளியே தள்ளி நின்றுகொண்டான். வெளியாட்கள் வரப்போகிறார்கள் என்று காலையிலிருந்தே பேச்சு. முன்பின் பார்த்திராத முகம். அதுவும் உரிமையோடு சிரிக்கிறது. நடுநெற்றியில் இறங்கியது கரண்டி.

மனிதர் ஓட்டம் பிடித்தார். கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு இருபது பெண்கள் துரத்தினார்கள். வளைவில் லாரி வந்தது. ரத்தம் ஒழுக ஒருவன் ஓடிவருவதையும் பின்னால் வரும் சமையல் படையையும் பார்த்த டிரைவர், வண்டியைத் திருப்பக்கூட நேரமில்லாமல் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கு நாலாம் நாள் கம்பெனி இறங்கி வந்தது. தப்பி ஓடியவன் யாரென்று துரத்தியவர்களுக்கு இன்றுவரை தெரியாது. அடுப்புக்கரியைக் கன்னத்தில் அப்பிக்கொண்டு பின்வாசல் வழியாக அவர் வந்து நின்றபோதுதான் அக்காவுக்கே அடையாளம் தெரிந்தது.

தழும்புக்குக் கணவர் அன்றே காரணம் கண்டுபிடித்துவிட்டார்: போலீஸ் தடியடி. வரும் ஞாயிறு, 'முதல் ரத்தம் சிந்தியவர்' என்று அவர் படத்தைச் சங்கக் கட்டடத்தில் மாட்டப்போகிறார்கள். கேட்டு எழுத ஒரே சாட்சி, மனைவி. ஒரு வாரமாக மனிதர் பாத்திரம் துலக்குகிறார், துணி காயப்போடுகிறார். இன்று காலை மனம்விட்டுக் கேட்டேவிட்டார்.

"பேரப்பிள்ளைங்க எல்லாம் வருதுங்கடி. அந்த ஒண்ண மட்டும் விட்டுடேன்."

"ஏன்? நான் அடிச்ச அடியிலதான் லாரியே திரும்பிச்சு. என் படத்த எங்க மாட்டுறாங்களாம்?"

மனிதர் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினார்.

இப்போது செயலாளர் போனைப் பதிவில் போட்டு முன்னால் வைத்தார். "அண்ணன அடிச்சது யாருக்கா?"

கதவோரம் நின்ற கணவர், காய்ந்த துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போலீஸ்தான் தம்பி."

"ஆளு எப்படி இருந்தாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? நல்ல லட்சணம். உயரம்கூடச் சொல்லுவேன்" என்று எழுந்து நின்ற கரண்டியக்கா, உள்ளங்கையைக் கொண்டுபோய்த் தம் உச்சந்தலையிலேயே வைத்துக் காட்டினார்.