எந்தப் பால் என்று கேட்கும் ஊர்

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கேகாலை பஸ் நிலையத்தில் புலத்கொஹுபிட்டிய பஸ்ஸில் ஏறும்போதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நாலரை வயது மகள் ஆரணியின் பையில் இரண்டு பெட்டி கிரேயோன் இருந்தன, மாற்றுடுப்பு இருந்தது, ஒவ்வாமைக்கான மருந்துப் போத்தலும் இருந்தது. வட்ஸ்அப்பில் வந்த சிங்கள அறிவித்தலைத்தான் சரியாக வாசித்தேனா என்று தெரியவில்லை. ஒரு பண்ணையில் இரண்டு நாள் கலை முகாம் என்பது விளங்கியது. கடைசி வரியில், பிள்ளைகளை "பலாகன்னவா" என்றிருந்தது. "பலனவா" என்றால் பார்ப்பது. ஆகவே பிள்ளைகள் வரைவதைப் பார்வையிட்டுப் பரிசு தருவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரச ஊழியை நான். மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவள். என் சிங்களமும் பரீட்சைத் தாளோடு நின்றுவிட்டது.

"போய்ப் பாருமன். எல்லாத்துக்கும் யோசிச்சுக்கொண்டு நிக்காதையும்" என்று முந்தின இரவு போனில் சொல்லியிருந்தார், வவுனியாவில் வேலை செய்யும் கணவர். அவர் சொன்னதால் போகிறேனா, எனக்கே ஆசையா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.

இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். வளைந்து வளைந்து போகும் பாதையின் இரு பக்கமும் றப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாகக் கீறிய பட்டை, கீழே கட்டிய சிரட்டை. புலத்கொஹுபிட்டிய சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். பண்ணைக்கு நான்கு கிலோமீற்றர், ஐந்நூறு ரூபாய். சாரதி ராஜா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்.

"பாமுக்குங்களா? ஆடிப் பாடுவாங்களே, அந்தப் பண்ணைதானே?"

"படம் கீறிறதுக்கு."

"கீறுங்க, கீறுங்க. போன தடவ ஒரு ஐயா வந்து முழு நாளும் ஒரே மரத்தப் பாத்துக்கிட்டுக் குந்தியிருந்தாரு. மரம் வாங்க வந்தவராக்கும்னு நாங்க வெல பேசப் போயிட்டோம்."

எட்டரைக்குப் பண்ணையை அடைந்தோம். முன்பு ஒரு பெரிய தோட்டத்தின் பகுதியாக இருந்த பத்து ஏக்கர். பாதி றப்பர், மீதி மிளகும் வாழையும். றப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்திய பழைய கட்டடந்தான் மண்டபம். உள்ளே போனதும் கருவாட்டுக் கடையும் பழைய டயரும் கலந்த மாதிரி ஒரு மணம். நடத்துபவர் நிலூக்கா, கொழும்பை விட்டு வந்த சிங்களப் பெண். அவர் என்னை வரவேற்று ஒரு கடதாசிப் பலகையை நீட்டினார். நான் அதை ஆரணியிடம் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி மறுபடி என்னிடம் தந்தார். அப்போதுதான் விளங்கியது. "பலாகன்னவா" என்றால் பார்த்துக்கொள்வது. முகாம் எனக்கு. பிள்ளையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். ஆரணி பிறந்ததிலிருந்து பாலர் பாடசாலையையும் உறவினரையும் தவிர வேறு யாரிடமும் நான் அவளை விட்டதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வயதில் மாட்டுப்பால் கொடுத்தபோது உதடு வீங்கி மூச்சுத் திணறிய பிள்ளை அவள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் செல்வி, பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர், முப்பது வயதிருக்கும். மண்டபத்துக்குப் பின்னால், காலையில் வெட்டிய றப்பர்ப் பால் நிறைந்த வாளி ஒன்றுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு விசயம். பிள்ளைக்குப் பால் ஒத்துவராது."

"அப்படிங்களா? எங்க வீட்டு ஆளுக்கும் ஒத்துக்காதுங்க. ஒடம்பெல்லாம் தடிச்சுப் போகும்."

எனக்கு ஒரே ஆறுதல். "பெரியவர்களுக்கும் வருமோ?"

"வந்துச்சே! தொரைகிட்ட சொல்லி வேற வேலைக்கு மாத்திக்கிட்டாரு."

பால் ஒத்துவராததற்கு ஏன் வேலையை மாற்ற வேண்டும்? ஒருவேளை மாட்டுப் பட்டியில் வேலை செய்திருப்பார் என்று நானே ஒரு பதிலைச் செய்துகொண்டேன்.

"கிட்டவும் கொண்டுபோகாதேங்கோ" என்றேன்.

"நீங்க போங்க மிஸ். ஒரு சொட்டுப் படாமப் பாத்துக்கிறேன்."

மண்டபத்தில், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியை வரையச் சொன்னார்கள். எல்லோரும் உடனே தொடங்கினார்கள். மாவனல்லையிலிருந்து வந்த கடைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தார். நான் மகளின் கிரேயோனால் அடிமட்டம் வைத்ததுபோல ஒரு நேர்கோடு போட்டேன். "அவ்வளவுதானா?" என்று நிலூக்கா சைகையால் கேட்டார். பாலர் பாடசாலையில் ஒரு முறை நிற்கும் வழி என்பதால் நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். அதற்குமேல் என்ன வரைவது? ஜன்னல் பக்கம் எழுந்து போனேன்.

பிள்ளைகள் கைகளுக்கு முகப்பவுடர் பூசி, றப்பர்ப் பாலில் தோய்த்து, காற்றில் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ந்ததும் உரித்தால் கையுறைபோல ஒரு கை வரும். ஒரே கூச்சல். ஆரணி மட்டும் தூரத்தில் ஒரு வாழையடியில் தனியாக இருந்தாள். அழுத முகம். கையில் ஒரு கோப்பை.

நான் ஓடினேன்.

"அன்ரி தந்தவ அம்மா. இனிக்குது."

பால்மா போட்ட தேநீர். பாதி குடித்திருந்தாள். மேலுதடு ஏற்கெனவே தடித்திருந்தது.

"பால் குடுக்க வேண்டாம் எண்டு சொன்னனான்தானே!" என்று கத்தினேன்.

"நான் பாலு குடுக்கலிங்களே!" செல்வி என் தோளைப் பிடித்தார். "கிட்டக்கூட விடலியே! புள்ள அழுதுச்சேன்னு தேத்தண்ணிதானே குடுத்தேன்!"

இந்தப் பெண் பொய் சொல்கிறாரா, எனக்குத்தான் பைத்தியமா என்று விளங்கவில்லை. மருந்தைக் கொடுத்தேன். அவசரத்தில் பாதி சட்டையில் சிந்தியது. நிலூக்கா ராஜாவை அழைத்தார். ஓட்டோவில் நானும் ஆரணியும் ஏற, கேட்காமலே செல்வியும் ஏறினார். வழி முழுவதும் நான் பிள்ளையின் மூச்சை எண்ணினேன். செல்வி அவளுடைய கால்களை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். எடுங்கள் கையை என்று வாய்வரை வந்தது; பிள்ளையை என் பக்கம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வைத்தியசாலையில் இளம் சிங்கள டொக்டர் ஒருவர். "கிரி" என்றேன். பால். என் சிங்களத்தில் அதற்குமேல் அப்போது ஒரு சொல்லும் இல்லை.

அவர் பிள்ளையின் வாயைப் பார்த்தபடியே கேட்டார். "எளகிரித, றப்பர் கிரித?"

மாட்டுப்பாலா, றப்பர்ப் பாலா?

எனக்குப் பின்னால் செல்வி தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ஊசி போட்டார்கள். வீக்கம் வற்றும்வரை கட்டிலில் வைத்திருந்தார்கள். மதியத்துக்குப் பிறகுதான் ஆரணி வழக்கம்போல ஆயிரம் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"குடிக்கிற பாலுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மிஸ்?" செல்விக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "வாளிகிட்ட நின்னுக்கிட்டுப் பாலு ஒத்துக்காதுன்னா நான் என்னன்னு நெனைக்கிறது?"

"வெட்டிற பாலோ எண்டு நீங்களும் கேட்டிருக்கலாமே."

"எங்க ஊருல பாலுன்னா அதாங்க. குடிக்கிறது மாவு."

வாசலில் ராஜா ஓட்டோவைத் திருப்பி நிறுத்தியிருந்தார். "கேகாலைக்குங்களா, பாமுக்குங்களா?"

கேகாலை என்று சொல்ல வேண்டும். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். ஆரணி செல்வியைப் பார்த்து, "என்ரை கை எங்கை?" என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு றப்பர்க் கை இருக்கிறது, அவளுக்கு இல்லை. நான் அவளுடைய மேலுதட்டை மறுபடி தொட்டுப் பார்த்தேன். பிறகு, பண்ணைக்கு என்றேன். சரியா என்று இன்றும் தெரியாது.

மாலையில் லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஷீட் உலர்த்தும் கம்புகளில் பிள்ளைகளின் றப்பர்க் கைகள் வரிசையாகத் தொங்கின. சின்னச் சின்ன விரல்கள் காற்றுக்கு ஆடின. அழகா, பயமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தப்பு அடித்தார்கள், பாடினார்கள். கடைக்காரர் தன் படத்தைத் தலைகீழாகப் பிடித்து விளக்கம் சொன்னார். என் நேர்கோட்டையும் மாட்டியிருந்தார்கள். "இது கேகாலை ரோடுங்களா? இவ்வளவு நேராப் போட்டுட்டாங்களா?" என்றார் ராஜா.

ஞாயிறு காலை ஆரணி வாளியருகே போய் நின்றாள். றப்பர்ப் பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதல் நாளே டொக்டரைக் கேட்டிருந்தேன். இப்போதைக்குப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம் என்றிருந்தார். செல்வி என்னைப் பார்த்தார்.

"நீங்க வையுங்க மிஸ். புள்ள உங்க கைய எடுத்துக்கட்டும்."

வைத்தேன். பால் குளிர்ந்து, புளித்த மணத்தோடு கையில் ஏறியது. காய்ந்து, மறுபடி தோய்த்து, மறுபடி காயும்வரை அந்தக் கையால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆரணியின் தலைமயிரைச் செல்விதான் பின்னிவிட்டார். இடியப்பமும் சம்பலும் அவரே ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் என்னைப் பார்த்து, "இதுல தேங்காப் பாலுங்க. தேங்கா!" என்று உரக்கச் சொன்னார். மூன்றாவது வாயில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகக் காய்ந்தபின் செல்வி அந்தக் கையை உரித்துக் கழுவி, பவுடர் தூவி, கடதாசியில் சுற்றித் தந்தார். ஆரணி கடதாசியைப் பிரித்து வெறும் கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். தடிக்குமோ என்று ராஜாவின் ஓட்டோவில் அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தடிக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணி பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வழக்கமாக அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அன்று அந்த மஞ்சள் றப்பர்க் கையின் விரல்களைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் சரிகிறாளா என்று பார்த்தேன். சரியவில்லை. என்னுடைய கை என் மடியில் சும்மா கிடந்தது.