நாலாவது படி

மடிப்பக்கா வேலையை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. வெளியூரில் பிள்ளை பெற்றிருந்த மகளோடு இருக்கப் போனாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் படுக்கைவிரிப்பு மடித்தவள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு முனை இவளிடம், இரண்டு முனை எதிரே நிற்கும் ஜோடிக்காரியிடம். உதறி, இழுத்து, நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். நாளுக்கு முன்னூறு தடவையாவது இருவர் விரலும் தொட்டுக்கொள்ளும். சாப்பாடும் அப்படித்தான். ஏழு பெண்களின் டப்பாவும் நடுமேசையில் திறக்கும். யார் சோறு யார் வாயில் என்று கேள்வியே இல்லை. வீட்டிலோ ஒன்பது பேர். குளிக்கப் போனாலும் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அவள் தன் டப்பாவோடு எழுந்து போய், பின்பக்கப் படிக்கட்டின் நாலாவது படியில் உட்கார்ந்தாள்.

ஜோடிக்காரி வாசல்வரை வந்தாள். “என்னடி, எங்க சோறு கசக்குதா?”

“அய்யோ, இல்லடி. வாரத்துல ஒரு நாள், அரைமணி நேரம். நான் மெல்லுற சத்தம் எனக்கே கேக்கணும்போல இருக்கு.”

“மகாராணிக்குத் தனிப் பந்தி!” என்று உள்ளே ஒருத்தி சொல்ல, மேசையே சிரித்தது.

ஜோடிக்காரி சிரிக்கவில்லை. அன்று விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். விரல் படாமல் முனையைத் தந்தாள். மடிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. இருந்தும் அடுத்த வியாழனும் போனாள். வெள்ளியன்று முதல் ஆளாக வந்து எல்லார் டப்பாவிலும் கைவைத்தாள். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது. விரல்களும் மெல்லத் திரும்பின. ஆனால் ஜோடிக்காரி அந்தப் படிக்கட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

கடைசி நாளன்று மடிப்பக்கா நடுமேசையில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு வியாழன். எந்திரிச்சுப் போ,” என்றாள் ஜோடிக்காரி, முகம் பார்க்காமல். “எங்களுக்காக ஒண்ணும் பாவம் பாக்க வேணாம்.”

“உனக்காக இல்லடி. எனக்குத்தான்.”

ஜோடிக்காரி தன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். மன்னித்தாளா, விட்டுத்தொலைத்தாளா என்று தெரியாமலே மடிப்பக்கா பஸ் ஏறினாள்.

இரண்டு வருஷம் கழித்து, பேரன் மடியில் தூங்கும்போது போனில் ஜோடிக்காரியின் செய்தி வந்தது.

“இப்பல்லாம் வியாழக்கிழமை நானும் படிக்கட்டுலதான் சாப்பிடுறேன். உள்ள என்னை மகாராணிங்கிறாளுக. இவ்வளவு சுகம்னு ஏன்டி சொல்லல? உன் நாலாவது படியிலதான் உக்காருறேன். ஆனா ஓரமா. உனக்குப் பாதி விட்டிருக்கேன்.”